லெப்ட் பெக்கும் நகர்ந்த மைதானமும்

போர் முடிந்து, முகாமிலிருந்து மீள்குடியேறி வந்த இரண்டாம் வருஷம் எங்கள் ஊருக்கு மறுபடியும் ஒரு உதைபந்தாட்ட அணி உண்டாயிற்று. மன்னார்க் கரையில் எங்களுடையது சின்ன மீன்பிடி ஊர். பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. அதனால் நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரையும் பிடித்துப் போட்டார்கள். இடது காலால் உதைப்பார் என்ற ஒரே காரணத்தால் அவர் இடப்பக்கம் காக்கும் லெப்ட் பெக் ஆனார்.

அணிக்குத்தான் ஆள் பஞ்சம், ரசிகர்களுக்கு இல்லை. எங்கள் தகரக் கொட்டில் மைதானத்துக்குக் கிழக்கே, ஒட்டினாற்போல் இருந்தது. முற்றத்தில் கம்பு நட்டு, வலை விரித்து நான் கருவாடு காயப்போடுவேன். பின்னேரமானால் அந்தப் பந்தலடிக்கு சலூன்காரரும் தபால்காரரும் வந்துவிடுவார்கள். பின்னால் நாலு பேர் நிற்கவேண்டும் என்பது சலூன்காரரின் கட்சி. தபால்காரருக்கு ஐந்து பேர் வேண்டும். என் கருவாட்டையே ஆட்டக்காரர்களாக அடுக்கி வாதாடுவார்கள்.

“ஓட்டை எங்க எண்டு பாருங்கோ. இடது பக்கம். சென்டர் பெக் கொஞ்சம் சரிஞ்சு நிண்டால் மூடலாம்,” என்பார் சலூன்காரர்.

“சரிஞ்சால் நடுவில ஓட்டை வரும். முன்னுக்கு நிக்கிற ஒருத்தனைப் பின்னுக்கு இழுங்கோ.”

“இழுத்தால் ஆர் கோல் அடிக்கிறது?”

“இப்ப மட்டும் ஆர் அடிக்கிறான்?”

அவர்கள் சொல்லும் ஓட்டை பக்கத்திலேயே குந்தியிருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கும். “என்னைக் கேட்டால் அந்த லெப்ட் பெக்கை மாத்தவேணும்,” என்று என் வீட்டுக்காரரே வாய்விட்டுச் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். மாற்றத்தான் ஆள் இல்லை.

உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். மைதானத்தின் மேற்குக் கரையில், பனைகளுக்கு முன்னால், நீளமாக ஒரு துண்டு நிலம். திரும்பி வந்த புதிதில் அங்கே மேயப்போன எங்கள் பசு மிதிவெடியில் போயிற்று. பிறகு வெடி அகற்றுபவர்கள் வந்து அந்தத் துண்டைத் துப்புரவாக்கி, எச்சரிக்கைக்கு நட்டிருந்த சிவப்புப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மைதானத்தின் மேற்கு ஓரம் அதற்குப் பிறகு கிடைத்ததுதான். ஆனால் இவர் அதில் கால் வைக்கமாட்டார். பந்து அந்தப் பக்கம் உருண்டால் ஓடிவந்து, கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டியவர்போல் நின்றுவிடுவார். எதிரணி ஆள் அந்த வழியாலேயே ஓடிப்போய்க் கோல் போடுவான். பக்கம் மாறி விளையாடும் மற்றப் பாதியில் இவருக்கு அந்தத் தடங்கல் இல்லை.

இதை யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் பசுவைப் பற்றிப் பேசவேண்டும். பசுவைப் பற்றிப் பேசினால் மற்றதெல்லாம் வரும். ஆகவே நாலு-நாலு-ரெண்டு என்று ஆள் நிறுத்துவது பற்றிப் பேசினார்கள். ஒருமுறை அந்தப் பாதிக்கு மட்டும் இவரை வலது பக்கம் நிறுத்திப் பார்த்தார்கள். பழக்கமில்லாத வலது காலால் தட்டி எங்கள் கோலுக்குள்ளேயே பந்தைப் போட்டார்.

அன்று தபால்காரருக்கு ஒரு யோசனை வந்தது. “ஆளை மாத்தேலாது. நிக்கிற இடத்தை மாத்தியும் சரிவரேல்ல. கிரவுண்டை மாத்துவம்.”

யாரும் சிரிக்கவில்லை. கோல் கம்பங்களைப் பிடுங்கி, ஒரு வள்ளத்தின் நீளம் கிழக்கே கொண்டுவந்து நட்டார்கள். மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைப் பாதரிடம் கேட்டு வாங்கிப் புதுக்கோடு போட்டார்கள். மேற்கே விட்டதைக் கிழக்கே பிடிக்கவேண்டுமல்லவா? கோடு என் முற்றத்துக்குள் வந்து, கருவாட்டுப் பந்தலையும் உள்ளே வாங்கிக்கொண்டு போயிற்று.

“தங்கச்சி, ஆட்டம் நடக்கிற நாளில மட்டும் பந்தலைக் கழட்டுவீங்களோ?” சலூன்காரர் பணிவாகக் கேட்டார்.

“ஏலாது. இப்பதான் கீறி உப்புப் போட்டு விரிச்சனான். எடுத்தால் புழு வைக்கும்.”

எதிரணி உள்நாட்டு வயல் ஊரொன்றிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கியது. மத்தியஸ்தர் நகரத்து ஆள். மைதானத்தைச் சுற்றிப் பார்த்து வந்தவர் பந்தலடியில் நின்றார்.

“இதென்ன?”

“கருவாடு, சேர்.”

“கிரவுண்டுக்குள்ள ஏன் கிடக்குது?”

“அது முந்தியே இருந்தது சேர். கிரவுண்டுதான் இப்ப வந்தது,” என்றார் தபால்காரர்.

மத்தியஸ்தர் வெகுநேரம் யோசித்து, பந்து பந்தலில் பட்டாலும் ஆட்டம் தொடரும் என்று தீர்ப்புச் சொன்னார்.

தொடக்கத்தில் இடது பக்கம் இரும்பாக நின்றது. புதுக்கோடு வரைக்கும் என் வீட்டுக்காரரை அசைக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் எங்கள் வலது பக்கத்தால் வந்து, பந்தோடு பந்தலுக்குக் கீழே குனிந்து ஓடினான். அவன் தலை வலையில் மாட்டிக் கம்புகள் சரிந்தன. அந்தப் புழுதிக்குள் எங்கள் ரைட் பெக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை விட்டான். பறந்தது பாரைக் கருவாடு. எங்கள் முன்வரிசைக்காரன் அதைத் துரத்திக்கொண்டு பாதி மைதானம் ஓடினான். கீழே கிடந்த பந்தை அவர்கள் ஆற அமர உருட்டிக் கோல் போட்டார்கள்.

“பாத்தீங்களோ? ஓட்டை இப்ப வலப்பக்கம் வந்திட்டுது,” என்றார் சலூன்காரர்.

நான் அழாக்குறையாக மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது யாரோ ஓங்கி அடித்த பந்து மேற்குக் கோட்டைத் தாண்டிப் பனையடிக்குப் போயிற்று. எறிய வேண்டியது எங்கள் பக்கம். என் வீட்டுக்காரர் கோட்டில் நின்று பந்தைப் பார்த்தபடியே இருந்தார். எதிரணிக்காரர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்து நின்றார்கள்.

“வேற பந்து இருக்கோ?” என்று தபால்காரர் கேட்டார். இல்லை. இந்த எறியை லெப்ட் பெக் எறிவதா, நடுவில் நிற்பவன் எறிவதா என்று ரசிகர்கள் வாதாடத் தொடங்கினார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் மீனைப் போட்டுவிட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து, அந்தத் துண்டுக்குள் நடந்துபோய்ப் பந்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

“நீர் அங்க போறனீரோ?” என்று கேட்டார்.

“ஒவ்வொரு நாளும் போறனான். அடுப்புக்கு ஓலையும் மட்டையும் வேற எங்க எடுக்கிறது?”

“எனக்குச் சொல்லேல்லையே.”

“நீங்கள் கேக்கேல்லையே. அதைத் துப்புரவாக்கின பொம்பிளைப் பிள்ளையளுக்கு நான்தானே தண்ணி குடுத்தனான். முழங்காலில நிண்டு விரலால மண்ணைக் கிளறினவையள். ஒரு சிரட்டைத் துண்டைக்கூட விடேல்ல.”

அவர் என் கால்களைப் பார்த்தார். பிறகு கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தார். மற்றதையும் வைத்தார். வைத்தவர் நிற்காமல் பனை வரைக்கும் போய்விட்டார். அங்கிருந்தே எறியக் கையைத் தூக்கியபோது மத்தியஸ்தர் ஊதினார்.

“வலு தூரம் போயிட்டீர் ஐயா. கோட்டடிக்கு வாரும்!”

அந்த ஆட்டத்தில் தோற்றோம். மைதானம் பழைய இடத்துக்குத் திரும்பிப் போயிற்று. அடுத்த ஆட்டத்தில் என் வீட்டுக்காரர் மேற்குக் கரை முழுக்க ஓடினார். எதிரணி ஆள் அவரைச் சுலபமாகத் தாண்டிப்போனான். திரும்பவும் தாண்டினான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் சலூன்காரர் தொண்டையைச் செருமினார். “மச்சான், உனக்கு ஓட ஏலாதடா.”

“ஓடேலாது எண்டில்ல, நடக்கவே ஏலாது. தொந்தியைப் பார்,” என்றார் தபால்காரர்.

எத்தனை மாதங்கள் அடக்கி வைத்திருந்தார்களோ, எல்லோரும் வாய்நிறைய ஏசினார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முகாமை விட்டு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

அடுத்த கிழமையே, ஊருக்குப் புதிதாய்த் திரும்பி வந்த ஒருவரைப் போட்டு, இவரை அணியிலிருந்து எடுத்தார்கள். மனம் நொந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ வீட்டிலிருந்த ஒரே கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டோரம் போட்டு உட்கார்ந்து, தன் இடத்துக்கு வந்த மனிதனை ஆட்டம் தொடங்குமுன்பே ஏசத் தொடங்கினார்.