பின்னால் யாராவது நின்றால்

சேற்று நண்டு கட்டுவதற்குப் பலம் வேண்டாம். பாதத்தின் முன்பக்கத்தை நண்டின் முதுகில் வைத்து லேசாக அமுக்கிக்கொண்டு, இரண்டு கொடுக்கையும் உள்பக்கம் மடக்கி, கயிற்றைக் குறுக்கே சுற்றி, பின்னால் ஒரு முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. ஆனால் பதறி இழுத்தால், நண்டு தன் கொடுக்கைத் தானே கழற்றி நம் கையில் கொடுத்துவிடும். உயிருக்குப் பயந்த பிராணி, கை போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறது. அப்புறம் அந்த நண்டு வெளிநாட்டுக்குப் போகாது. மூலையில் இருக்கும் நீல பிளாஸ்டிக் டப்புக்குப் போய், அங்கிருந்து பக்கத்து மார்க்கெட்டுக்குப் போகும்.

நான் வேலை பார்க்கும் நண்டு ஷெட்டு பழவேற்காட்டில், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. சேர்ந்த புதிதில் அந்த நீல டப்பில் விழுந்ததில் முக்கால்வாசி என் கையால் விழுந்ததுதான்.

அதற்கு முன்னால் ஏரியில் இறங்கி இறால் தடவிக்கொண்டிருந்தேன். கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றில் கையை விட்டுத் துழாவி, அகப்பட்டதைப் பறிக்கூடையில் போட வேண்டும். அந்த ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வதால் யாரோடும் பேச வேண்டியதில்லை. தலை மட்டும்தான் வெளியே தெரியும், கை செய்வதை யாரும் பார்க்க முடியாது. என்னைப் போலக் கூச்சம் பிடித்தவளுக்குத் தோதான வேலை. முழங்கால் இரண்டும் விட்டுப்போன பிறகு கரையேறிவிட்டேன்.

வீட்டில் உட்காரலாம்தான். மகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீடு ஒரே அறை. மருமகள் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் இல்லை. நான் பகலில் கண்ணயர்ந்தால், பாத்திரத்தைச் சத்தம் வராமல் இறக்கி வைப்பாள். தண்ணீர்க் குடத்தைக்கூட மெதுவாகத்தான் நகர்த்துவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் ஒருத்தி இருப்பதால் அவள் தன் வீட்டிலேயே திருடி மாதிரி நடமாடுவதைப் பார்த்துக்கொண்டு, பகல் முழுக்க எப்படி உட்கார்ந்திருப்பது? எனக்குப் பகலில் போய் இருக்க ஓர் இடம் வேண்டும். ஷெட்டைத் தவிர எனக்கு வேறு இடம் இல்லை.

ஷெட்டு முதலாளி என் மகனைவிடச் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நண்டை மூடும் சாக்கை நனைக்கச் சொல்ல, தராசைப் பார்க்க என்று நடந்துகொண்டே இருப்பார். நடுநடுவே, கட்டுகிறவர்களுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு நாள் நீல டப்பை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஆயா, அமாவாச சரக்கு வந்தா நண்டு ஒவ்வொண்ணும் பெருசு பெருசா வரும். அப்பவும் இப்டியே ஒடச்சா நான் தாங்க மாட்டேன். அதுவரைக்கும் பாக்கலாம். கை வரலன்னா வீட்ல இருந்துக்க, இன்னா?"

அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகிறவள் பசியாவரம் என்கிற பக்கத்து ஊர்க்காரி. நாற்பது வயதிருக்கும், என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். வாய் ஓயாது. வாய் ஓய்ந்தால் போனைப் போட்டுவிடுவாள். அதில் யாரோ ஓர் ஆள் மனசைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். எல்லாம் மனசில்தான் இருக்கிறது, காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்லுங்கள், பயம் ஓடிப்போகும் என்பார். பசியாவரத்துக்காரி அதைக் கேட்டுவிட்டு, நீயும் சொல்லிப் பாரு பெரிம்மா, காசா பணமா என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். விடியற்காலையில் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் நின்று, வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன். மருமகள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

"இன்னா அத்த, பல்லு வலியா?"

ஆமாம் என்றேன். அன்றைக்கு முழுக்க அவள் எனக்குக் கஞ்சியாகவே கொடுத்தாள்.

ஷெட்டிலும் ஒவ்வொரு நண்டைத் தொடும்போதும் மனசுக்குள் சொன்னேன். என்னால் முடியும், என்னால் முடியும் என்று. சொல்லச் சொல்ல, முடியவில்லை என்றால் என்ன செய்வாய் என்று உள்ளேயிருந்து இன்னொன்று கேட்டது. வழக்கத்தைவிட அதிகமாகத்தான் உடைந்தது. போனில் பேசுகிறவர் நல்ல மனுஷனாகத்தான் இருப்பார். அவர் நண்டு கட்டியிருக்க மாட்டார்.

பிறகு பசியாவரத்துக்காரி வேறு யோசனை சொன்னாள். நண்டை எதிரி மாதிரி பிடிக்காதே, குழந்தைக்குத் தூளி கட்டுகிற மாதிரி பக்குவமாகக் கட்டு என்றாள். அது மனசுக்குச் சரியாகப் பட்டது. அப்படியே கட்டினேன். அன்றைக்கு ஒன்றும் உடையவில்லை, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் ஈரச் சாக்கை விலக்கினால், ஒரு நண்டு கயிற்றை நழுவவிட்டு, கூடையில் கிடந்த மற்ற நண்டுகளின் காலையெல்லாம் கடித்துத் துண்டாக்கி வைத்திருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"தூளி கட்டச் சொன்னா, ஊஞ்சல் கட்டி வுட்டுட்டியே பெரிம்மா."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அமாவாசைக்கு அதிக நாள் இல்லை.

அந்த வாரத்தில்தான் ஒரு மதியம் அவர் பொன்னேரி போயிருந்தார். வெயிலுக்கு யாரும் பேசவில்லை. நான் பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். கூடை நிறைந்த பிறகுதான் கவனித்தேன், எல்லாம் முழு நண்டு. முடிச்சும் இறுக்கமாக இருந்தது. சந்தோஷப்படுவதற்குள் வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்டது. என் காலடியில் இருந்த நண்டு கொடுக்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டது.

அவர் இன்னும் உள்ளேகூட வரவில்லை. கொடுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என்னைப் பார்த்தேன். மூச்சு நின்றுபோயிருந்தது. தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தன. பாதம் நண்டைத் தரையோடு நசுக்கிக்கொண்டிருந்தது. கை இழுத்தது கடைசியில்தான். இத்தனை நாள் நான் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், வயசான கை, விளங்காத கை என்று.

அதன் பிறகு எனக்கு இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது, என்னையே வேவு பார்ப்பது. குழாயடியில் குடம் வைத்திருக்கும்போது பின்னால் ஒருத்தி வந்து நின்றால் தோள் ஏறுகிறது. ரேஷன் கடையில் ஏறுகிறது. சோற்றைப் பிசையும்போது மருமகள் பின்னால் கடந்து போனால், வாயில் இருப்பதை மெல்லாமல் நிறுத்திவிடுகிறேன். எப்போதிலிருந்து இது என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பலகையில் கணக்குப் போடும்போது வாத்தியார் பின்னால் நிற்பார், ஆனால் அவர் என்னை அடித்ததில்லை. எங்கள் நைனா நான் வலை பிரிக்கும்போது பின்னால் நிற்பார், அவரும் ஒரு சொல் சொன்னதில்லை. யாரைக் குற்றம் சொல்வது? காரணம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் தோள் இறங்கியிருக்கும் என்று தோன்றவில்லை.

தெரிந்துகொண்டதில் ஒரு பிரயோஜனம் இருந்தது. முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் கயிற்றை நிறுத்திக்கொள்வேன். சூடான கஞ்சியை ஊதுகிற மாதிரி மூச்சை வெளியே விடுவேன். தோள் தானாக இறங்கும். பாதம் லேசாகும். அதற்குப் பிறகுதான் கட்டுவேன். அவர் தராசுப் பக்கம் இருந்தால் இது பலித்தது. என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டால் எத்தனை ஊதினாலும் தோள் இறங்காது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நண்டு கட்டிய அலுப்பைவிட என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அலுப்புதான் பெரிதாக இருந்தது. சில நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

அமாவாசை வந்தது. கூடை கூடையாகச் சரக்கு இறங்கியது. உள்ளங்கை கொள்ளாத நண்டுகள், கொடுக்கை விரித்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நான் முதல் நண்டின் மேல் பாதத்தை வைத்தபோதே அவர் வந்து பின்னால் நின்றுவிட்டார். பார்க்கலாம் என்று சொன்ன நாள் அதுதான், அதனால் நின்றார். அதில் தப்பில்லை.

மூச்சை ஊதினேன். இன்னொரு முறை ஊதினேன். தோள் இறங்கவில்லை. இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கயிற்றைச் சுற்றினால் இழுப்பேன், இழுத்தால் உடையும், உடைந்தால் நாளையிலிருந்து வீடு. ஒரு கையால் நண்டைப் பின்பக்கமாக அமுக்கிக்கொண்டு, கயிற்றைத் தரையில் வைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நண்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"தம்பி, பின்னாடி நிக்காத."

"இன்னா ஆயா?"

"முன்னாடி வந்து நில்லு. நீ பின்னாடி நின்னா எனக்கு மூச்சு நின்னுபூடுது. கை இழுத்துடுது. அதுலதான் ஒடையுது."

அத்தனை நீளமாக அந்த ஷெட்டில் நான் பேசியதே இல்லை. எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"நான் சும்மாத்தான ஆயா நிக்கறேன். இன்னாத்தயாச்சும் சொன்னனா?"

"சொல்லல. நிக்கற."

பசியாவரத்துக்காரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "மொதலாளி, உன்ன பாத்தா நண்டே கையக் கழட்டிக் குடுத்துட்டு ஓடுது. பெரிம்மா இன்னா பண்ணும்?" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொண்டாரோ என்னவோ, பின்னால் இருந்ததால் எனக்கு முகம் தெரியவில்லை. பிறகு சுற்றிக்கொண்டு வந்து, காலி மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

எதிரே உட்கார்ந்தாலும் சுலபமாக இல்லை. ஓர் ஆம்பிளை முகத்துக்கு முன்னால் காலை நீட்டி வேலை செய்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று கண்ணுக்குத் தெரிந்தது, தோள் அவரைத் தேட வேண்டியதில்லை. மூச்சு விட்டேன். பாதம் லேசானது. கொடுக்கு இரண்டும் மடங்கின. கட்டிவிட்டேன். அடுத்ததையும் கட்டினேன். நடுவில் ஒன்று உடைந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை எடுத்து முதுகு ஓட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது. இது தண்ணி நண்டு, இப்போதுதான் ஓடு மாற்றியிருக்கிறது, யார் கட்டினாலும் நிற்காது என்று அவரே சொல்லி டப்பில் போட்டார்.

சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பும்போது, நாளைக்குச் சரக்கு இன்னும் அதிகம், விடிவதற்குள் வந்துவிடு ஆயா என்றார். வேலை உண்டு என்று தனியாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீடு வரைக்கும் நடந்து போவதே பெரும்பாடாக இருந்தது எனக்கு, முழங்காலில் அத்தனை வலி. மருமகளிடம் விடியலில் எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இப்போதும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். போதவில்லை. முதலாளிக்கு ஆயிரம் வேலை, மறந்துபோய்ப் பின்னால் வந்து நின்றுவிடுவார். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் முதல் நாள் மாதிரியே நண்டைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறேன். சில நாள் உடனே சொல்லிவிடுகிறேன். அலுப்பாக இருக்கிற நாளில், ஒரு நண்டை உடைத்து டப்பில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு சொல்கிறேன்.