பால் புட்டிக்குள் பனி

ஹபீஸா எதையும் நம்பிக் குடிக்கிறவள் அல்ல. டெக்சாஸின் ஆலன் நகருக்கு வந்து இத்தனை வருடமாகியும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் குடிப்பாள். கணவன் அன்வர் பாட்சா கேலி செய்து செய்து ஓய்ந்துவிட்டான். அந்தப் பிப்ரவரியில் மாநிலமே உறைந்து, கரண்ட் போய், குழாயும் நின்றபோது அவள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

கைக்குழந்தை சுஃபியான் பசியில் வீறிட்டான். டப்பா நிறையப் பால் பவுடர் இருந்தது; கலக்கத்தான் சொட்டுத் தண்ணீர் இல்லை. ரோடெல்லாம் ஐஸ். காரை எடுக்க வழியில்லை.

“நேத்து நைட் பெஞ்ச ஸ்னோ. எவ்ளோ க்ளீனா இருக்கு பாரு!” என்றான் அன்வர்.

“வெள்ளையா இருந்தா க்ளீனாங்க? காத்துல இருக்கிற அழுக்கெல்லாம் அதோடதான் வரும். மேலாக மட்டும் அள்ளிட்டு வாங்க. நல்லா பாயில் பண்ணிடறேன்.”

பின்வாசல் படியிலிருந்து அவன் பாத்திரம் நிறைய வழித்துவந்தான். ஹபீஸா கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து, தளதளவென்று கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, ஆறியதும் பாலைக் கலக்கினாள். சூடு பார்க்கப் புறங்கையில் விட்ட சொட்டை வழக்கம்போல் நாக்கால் தொட்டாள். உப்புக் கரித்தது.

“என்னங்க, எங்கேர்ந்து அள்ளினீங்க?”

அன்வரின் முகம் வெளிறியது. ஐஸ் உருக்கும் உப்பு எந்தக் கடையிலும் கிடைக்காமல், முந்தின நாள் சமையல் கல்லுப்பு பாக்கெட்டை அந்தப் படியில்தான் கொட்டியிருந்தான் புத்திசாலி. அதன்மேல் புதுப் பனி மூடியிருந்தது. அவனோ அடிவரை சுரண்டியிருந்தான்.

“நீ வழுக்கி விழுந்துடக் கூடாதேன்னுதான் போட்டேன்...”

திட்ட வாயெடுத்தவள் பிள்ளையைப் பார்த்தாள். அவ்வளவு உப்பு அந்தச் சின்ன உடம்புக்குள் போயிருந்தால்? அல்லாஹ்தான் காப்பாற்றினான் என்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குமேல் எந்தப் பனியையும் நம்ப அவளுக்குத் தைரியமில்லை. பிள்ளையை அன்வரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மீனாக்ஷி ஆண்ட்டியிடம் காரிலிருந்து கையசைப்பதோடு சரி. உட்கார்ந்து பேசியதுகூட இல்லை. விஷயத்தைக் கேட்டதும் ஆண்ட்டி உள்ளே போய்த் தண்ணீர் கேன் ஒன்றைத் தூக்கிவந்து அவள் கையில் வைத்தாள்.

“உங்களுக்கு, ஆண்ட்டி?”

“எங்களுக்கு நிறைய இருக்கும்மா.”

ஆண்ட்டிக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. அடுப்பில் ஒரு குண்டான் நிறையப் பனி உருகிக்கொண்டிருந்தது.

ஹபீஸா கேனைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். “இதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன் ஆண்ட்டி.”

“அழறதுக்கு இதுவா நேரம்? குழந்தை பசியோட இருக்கான், ஓடு!”