சலூன் சுவரில் தொங்கிய படம்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் அவள் பிழைப்பு. "மூச்சை இழுங்க, அசையாதீங்க, விடுங்க" என்று நாள் பூராவும் சொல்லிச் சொல்லி, வீட்டில் தம்பியிடம் பேசும்போதுகூட அந்தத் தோரணை வந்துவிடும். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு மாடியறையில் இருந்தாள். வருஷம் பிறந்தால் லீவு சேர்த்துவைத்து, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எப்போதும் அதே ஊர்தான்.

"ஏன்க்கா, உலகத்துல வேற ஊரே இல்லையா?" என்று தம்பி கேலி செய்வான்.

"நீ ஒரே பொண்டாட்டியோட இத்தனை வருஷமா இருக்கியே, நான் ஏதாவது கேட்டேனா?"

தம்பி மனைவி சிரித்தே புரையேறிப்போவாள்.

அது ஒரு துறைமுக நகரம். மேட்டின்மேல் அடுக்கடுக்காக வீடுகள், தெருக்களுக்குப் பதிலாகப் படிக்கட்டுகள். எந்தப் படியில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்பது அவளுக்கு அத்துப்படி. எடுத்த படங்களை அச்சுப்போட்டு, அடுத்த முறை போகும்போது உரியவர்கள் கையில் கொடுத்துவிடுவாள். அதனால் அந்த மேட்டில் எல்லோருக்கும் அவள் 'போட்டோ அக்கா'. பேரை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

நடுவில் முழங்கால் காலை வாரிவிட்டது. ஆபரேஷன், அப்புறம் பிடித்துப் பிடித்து நடை என்று இரண்டு வருஷம் அந்த ஊர்ப்பக்கமே போக முடியவில்லை. மூன்றாம் வருஷம் டாக்டர் தலையாட்டியதும் முதல் வேலையாக டிக்கெட் எடுத்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே படிக்கட்டு அடிவாரத்துச் சலூனுக்குத்தான் போனாள். சலூன்காரன் அவளுக்குத் தோஸ்து. மூட்டை முடிச்சை அங்கே போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவளுக்கு எதிரே நிலைக்கண்ணாடி. கண்ணாடிக்குள் அவள் முகம். பக்கத்துச் சட்டத்துக்குள் இன்னொரு முறை அவள் முகம். அடியில் கொட்டை எழுத்தில், 'மறைந்த எங்கள் போட்டோ அக்காவின் நினைவாக'.

தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியில் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து அப்படியே எழுந்துவிட்டார். சலூன்காரன் திரும்பினான். கையிலிருந்த கத்தி தரையில் விழுந்து கணீரென்றது.

"அக்கா… நீங்க… செத்துட்டீங்களே!"

"யாருப்பா சொன்னது?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

அவன் அழுதான், சிரித்தான், கையைத் தொட்டுப் பார்த்தான், மறுபடி அழுதான். ஒருவழியாக விஷயம் வெளியே வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அவள் வழக்கமாக வரும் அதே வாரத்தில், அடிவாரத்து வளைவில் லாரி ரிவர்ஸ் எடுத்தபோது ஒரு பெண் அடிபட்டுவிட்டாள். நரைத்த தலை, கழுத்தில் கேமரா. முகம் பார்க்கும்படி இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிய சலூன்காரன்தான் போலீஸிடம் சொன்னான், இது எங்க போட்டோ அக்கா என்று.

"நாங்களே எல்லாம் பண்ணினோம்க்கா. மேட்டு ஜனம் பூரா வந்துச்சு. அன்னிக்கு ஒரு கடையும் திறக்கலை."

தன்னுடைய சாவுக்கு ஒரு ஊரே அழுதிருக்கிறது. அந்த நினைப்பு உள்ளே இறங்குமுன் அடுத்தது வந்து விழுந்தது.

"அப்போ அது யாரு?"

"வாங்கக்கா, ஸ்டேஷன்ல கேப்போம்" என்று சலூன்காரன் செருப்பை மாட்டினான். நுரை முகத்தோடு நின்றவர் துண்டை எடுத்து மெல்லத் துடைத்துக்கொண்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நொறுங்கிய கேமரா, ஒரு மூக்குக்கண்ணாடி. கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி உடைந்து, நீல நூலால் நெருக்கிச் சுற்றியிருந்தது.

"சொந்தக்காரங்களைத் தேடலையா நீங்க?"

"தேட ஆரம்பிச்சோம். மேட்டு ஜனங்கதான், அந்த அக்காவுக்கு யாரும் கிடையாது, இந்த ஊர்தான் எல்லாம்னு அவங்களே சொன்னதா சொன்னாங்க. அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்றப்ப எப்படிம்மா சந்தேகம் வரும்? விட்டுட்டோம்."

ஆமாம், சொல்லியிருக்கிறாள். ஏதோ ஒரு சாயங்காலம், விளையாட்டாக. மாடியறை, தம்பி, புரையேறும் தம்பி மனைவி எல்லாம் இருக்கும்போதே, பேச்சு வாக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

கேமராவிலிருந்த கார்டை இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். படிக்கட்டுகள், சுவரில் காயும் துணிகள், மீன்பிடி வலைமேல் விழும் வெயில். அவள் நின்ற அதே இடங்களில் நின்றிருக்கிறாள் அந்தப் பெண். பல வருஷத்துப் படங்கள். தேதிப்படி எல்லாம் மழை மாசத்தில் எடுத்தவை, கடைசி வருஷம் மட்டும் இவளுடைய வாரத்தில். இப்படி ஒருத்தி இதே மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறாள், ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. அதைவிட ஒன்று அவளுக்கு உறைத்தது. அந்தப் படங்கள் தன் படங்களைவிட எவ்வளவோ நன்றாக இருந்தன. இந்த நேரத்தில் இது ஒரு நினைப்பா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மூக்குக்கண்ணாடியின் படம் மற்ற ஊர் ஸ்டேஷன்களுக்கும் பேப்பர்களுக்கும் போனது. அவள் லீவை நீட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். பத்து நாளுக்குள் ஒரு பெண் வந்தாள், கைக்குழந்தையோடு. மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும், "இந்த நூல் நான் சுத்தினது" என்றாள். அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அம்மாவாம். சித்தியைக் கேட்டால், அம்மா வருஷக்கணக்காக வந்ததே இல்லை என்றாளாம். இந்த ஊர்ப் பெயரையே அம்மா வாயால் கேட்டதில்லையாம்.

"எங்களைப் பிடிக்காம எங்கயோ போயிட்டாங்கன்னுதான் ஆன்ட்டி நினைச்சோம். அண்ணன் அம்மா பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டான். ரெண்டு வருஷமா திட்டிட்டே இருந்தோம்."

சலூன்காரன் அந்தப் பெண்ணின் காலடியில் குனிந்து, "தப்பு எங்களோடதும்மா. ஆசையில கண்ணு தெரியாமப் போச்சு" என்று விம்மினான். அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எங்க அம்மாவுக்கு அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"ஊரே அழுதுச்சும்மா."

"சரி" என்றாள் அவள்.

புதைத்த இடத்துக்கு எல்லோருமாகப் போனார்கள். கல்லில் 'போட்டோ அக்கா' என்று வெட்டியிருந்தது. தன் கல்லுக்கு முன்னால் அவள் தானே நின்றாள். மகள் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவின் பெயரைக் கல்வெட்டுகிறவனிடம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

அன்று மாலை அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"எழுதிக்க. நான் தங்கியிருக்கிற இடம், பக்கத்துல இருக்கிறவங்க நம்பர், எல்லாம் சொல்றேன்."

"என்னக்கா ஆச்சு? குரலே சரியில்லையே!"

"முதல்ல எழுதிக்கடா" என்றாள்.