கம்பி வலைக்கு அப்பால் ஒரு வயல்

1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த சாலை மறியலில் கைதானவர்களில் கச்சிராயபாளையத்துப் பழனியும் ஒருவன். கைதாவதற்கு நாலு நாள் முன்புதான் குத்தகை நிலத்தில் நடவு முடித்திருந்தான். மனைவி செந்தமிழ்ச்செல்விக்கு அப்போது இருபத்தேழு வயது. வீட்டிலேயே ஒரு தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைப்பவள். மகள் அருள்மொழி சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரம் செல்வி சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நின்ற பழனி, தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பயிரு எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"போன வாரம் எங்க அண்ணன் வந்தாரு. அவரும் நல்லா இருக்குதுன்னுதான் சொன்னாரு. எல்லாருமே அப்டித்தான் சொல்றீங்க." அவன் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டான். "எனக்குன்னா கண்ணை மூடினா கூட அந்த நெலம் தெரிய மாட்டேங்குது, செல்வி."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். சொல்லி நம்ப வைக்க முடியாது. காட்டத்தான் வேண்டும்.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் கைக்கடிகாரம், ரேடியோ, கேமரா மூன்றும் விற்கும் ராஜாங்கத்தின் கடைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்ட ராஜாங்கம், கருப்பு வெள்ளை ரோல் போட்டால் செலவு கம்மி என்றார்.

"கருப்பு வெள்ளையில பயிரு பச்சையா மஞ்சளான்னு எப்டிண்ணா தெரியும்?"

அவர் மூன்று கேமராக்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். முதலாவது கனமானது, லென்ஸைத் திருகித் திருகித் தூரம் வைக்க வேண்டும். இரண்டாவது பழைய மாதிரிப் பெட்டி. விலை மிகக் கம்மி, ஆனால் பன்னிரண்டே படம், அதற்குக் கலர் ரோல் கிடைப்பது கஷ்டம். மூன்றாவது கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் கேமரா. எதையும் திருக வேண்டாம், அமுக்கினால் போதும், முப்பத்தாறு படம்.

"இதுங்கள்ள புடிச்ச படம் இருந்தா காட்டுங்க."

ராஜாங்கம் ஒரு கற்றை போட்டோவைக் கொண்டுவந்தார். செல்வி பையைத் திறந்து நூல்கண்டுகளை எடுத்தாள். கிளிப்பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள். ஒவ்வொரு படத்திலும் இருந்த புடவையின் மேல் நூலை வைத்து வைத்துப் பார்த்தாள். புடவைக்கு ரவிக்கை பொருத்திப் பழகிய கண். கரையில் இருந்த சின்னப் பூ தனித்தனியாகத் தெரிகிறதா என்று கிட்ட வைத்தும் பார்த்தாள். கடைக்கு வந்த இன்னொருவர் கடிகாரத்தை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிளாஸ்டிக் கேமராவின் படங்களில் ஒன்றில் பச்சை அப்படியே நூலோடு ஒட்டிக்கொண்டது. இன்னொன்றில் எல்லாமே மங்கிச் செம்மண் பூசியதுபோல இருந்தது.

"ஒரே கேமராதானே, இது மட்டும் ஏன் இப்டி?"

"அது சாயங்காலம் வூட்டுக்குள்ள பல்பு வெளிச்சத்துல எடுத்ததும்மா."

"அப்ப வெயில்ல எடுத்தா சரியா வரும். எனக்கு வேண்டியதெல்லாம் வெயில்லதான் கெடக்குது." அவள் மூன்றாவதை எடுத்துக்கொண்டாள்.

"நாலடிக்கு உள்ள கிட்ட போவாதீங்க, கலங்கிடும்," என்றார் ராஜாங்கம் ரோலை மாட்டியபடி.

மறுநாள் காலை வெயில் முதுகில் விழ, மலையைப் பார்த்து வரப்பில் நின்றாள். கல்வராயன் மலை முழுக்கத் தெளிந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். வயல், வாய்க்கால், மகள், கோமுகி அணையின் தண்ணீர். ஆசைப்பட்டு ஒரு குத்துப் பயிரைக் கிட்டப் போயும் எடுத்தாள்.

சென்னைக்குப் போன ரோல் பதினோரு நாள் கழித்துப் படங்களாக வந்தது. கடை வாசலிலேயே உறையைப் பிரித்தாள் செல்வி. தினமும் பார்க்கிற மலைதான். ஆனால் அதில் இத்தனை நீலம் இருப்பதை அவள் பார்த்ததே இல்லை. நாற்று வரிசை வரிசையாக நின்றது. வரப்பில் அவள் கவனிக்காத ஒரு கொக்கு, ஒற்றைக்காலில். அருள்மொழி எதையும் பிடிக்காமல் நின்றிருந்தாள். அன்றைக்கு அமுக்கும் அவசரத்தில் அது கூட அவளுக்கு உறைக்கவில்லை. கிட்டப் போய் எடுத்த படம் மட்டும் வெறும் பச்சைக் கலங்கலாக இருந்தது.

அடுத்த சந்திப்பில் காவலர் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே கொடுத்தார். பழனி வயல் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"வடக்கு மூலையில மஞ்சளா இருக்குதே."

"வெயில் பட்டதுன்னு நெனச்சேங்க."

"இல்ல. அங்க பள்ளம், தண்ணி நிக்குது. அந்தப் பக்கத்து மடைய வெட்டி வடிய வுடு."

பூட்டிய கட்டடத்துக்குள், எத்தனையோ ஊர் தள்ளி நின்றுகொண்டு, அவன் தன் நிலத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தான்.

அதற்குள் பக்கத்தில் நின்ற கைதிகள் கூடிவிட்டார்கள். படம் கைமாறிப் போனது. வாரக்கணக்கில் சுவரையே பார்த்த ஆண்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டி, அந்தப் பச்சையைப் பார்த்தார்கள். நரைமீசைக்காரர் ஒருவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்ட பிறகுதான் படத்தைத் தொட்டார்.

"யம்மா, எனக்கு ரிஷிவந்தியம். பேரு இருசப்பன்," என்றார் அவர். "கோயிலுக்குக் கெழக்கால வூடு. மல்லாட்ட போட்டிருக்கேன், கடலை புடிக்கிற நேரம். அந்தப் பக்கம் போனா…"

"போறேங்க," என்றாள் செல்வி, அவர் முடிக்கும் முன்பே.

வீடு திரும்பியதும் மடையை வெட்டினாள். பத்து நாளில் வடக்கு மூலை பச்சை பிடித்தது. அந்த வாரம் கேமராவில் புது ரோல் போட்டுக்கொண்டு ரிஷிவந்தியத்துக்கு பஸ் ஏறினாள். அடுத்து நைனார்பாளையத்தில் இரண்டு வீடு. பழனி வெளியே வருவதற்குள் ஐந்து குடும்பங்களின் நிலங்கள் அந்தக் கம்பி வலைக்குள் போயிருந்தன. இடஒதுக்கீடு கிடைத்தது மறியல் நடந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான்.

முதல் தடவை ரிஷிவந்தியம் போன அன்று, இருசப்பனின் மனைவி கமலா மல்லாட்டக் கொல்லையின் நடுவில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"எங்க பாக்கணும்மா?"

"இந்தக் கண்ணாடியப் பாருங்க. அவரு அந்தப் பக்கந்தான் நிக்கிறாரு."

கமலா நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாக, புதுப்பெண்ணைப்போலச் சிரித்தாள்.