ரத்தம் நின்றுபோன ஈறு: நன்னிலத்திலிருந்து தஞ்சாவூருக்கு

போன ஜூனில், குறுவை நடவுக்கு இரண்டு வாரம் முன்னால், சித்தியைத் தஞ்சாவூருக்குப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பெரிய கோயில் படம் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், அந்தப் பக்கமே போகவில்லை. சித்திக்கு நாற்பத்தாறு வயது. கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடின. உள்ளூரில் ஒருவர் மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் பல்செட் வைக்கச் சொல்லியிருந்தார். பிடுங்காமல் காப்பாற்ற முடியுமா என்று கேட்கத்தான் இந்தப் பயணம்.

எங்கள் ஊரிலிருந்து நன்னிலம் வரை டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து கும்பகோணம், பிறகு தஞ்சாவூர். மொத்தம் எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், மூன்று மணி நேரம் பிடித்தது. வழியெல்லாம் நாற்றங்கால். நான் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே வந்தேன்.

"உனக்குப் பச்சையா தெரியுது. எனக்கு இப்பவே முதுகு வலிக்குது" என்றார் சித்தி.

அரசு மருத்துவமனைதான், சிகிச்சைக்குச் செலவில்லை. டாக்டர் இளம்பெண். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி அளந்தார். அது எதற்கு என்று கேட்டேன். நல்ல ஈறில் கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதாம். சித்திக்கு ஏழு வரை போனது. அந்த இடுக்கில் அழுக்கு காரையாக இறுகுகிறது, கிருமி தங்குகிறது, பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

"பல் விளக்குறப்ப ரத்தம் வருமாம்மா?"

"முன்னாடி வந்துச்சுங்க. புகையிலையை அங்கேயே அடக்கி வச்சேன், நின்னுடுச்சு." வைத்தியம் கண்டுபிடித்த பெருமை சித்தியின் குரலில் இருந்தது.

"நிக்கலம்மா. புகையிலை ஈறுல ரத்த ஓட்டத்தைக் குறைச்சிடும். உள்ள நோய் ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு, வெளிய ரத்தம் மட்டும் தெரியல. எப்பலேர்ந்து போடுறீங்க?"

"நடவுக்குப் போன நாள்லேர்ந்து. வயக்காரர் வெத்தல பாக்கோட வச்சுக் குடுப்பாரு. போட்டுக்கிட்டா பசி தெரியாதுங்க."

இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு சேற்றில் இறங்கும் பெண்களுக்கு வரப்பில் ஒரு தட்டு வரும். மரியாதை என்பார்கள். சாப்பாடு போடுவதைவிட மலிவு என்பதை யாரும் சொல்வதில்லை.

சித்திக்கு இன்னொரு பயமும் இருந்தது. "காரையைச் சுரண்டுனா பல்லு விழுந்துடும்னு சொல்றாங்களே?"

"காரை பல்லைப் பிடிச்சுக்கிட்டு இல்லம்மா. அது இருக்கிறதாலதான் பல்லு ஆடுது."

சர்க்கரை இருந்தால் ஈறு ஆறுவது கடினம் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே பாதி வாயைச் சுத்தம் செய்தார்கள். மீதி அடுத்த வாரம். ஒரு பல்லை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. புகையிலையை விட்டால் மற்ற மூன்றும் நிற்கலாம் என்றார் டாக்டர்.

நடவின் முதல் நாள் நானும் வயலுக்குப் போனேன். ஆள் சேர்த்து அழைத்து வருவது சித்திதான் என்பதால் தட்டு முதலில் அவரிடம்தான் வந்தது. வாங்கவில்லை.

"இதுக்குப் பதிலா இட்லி வாங்கிக் குடுங்க. சாப்பிட்டுட்டு எறங்குறோம்."

வயல்காரர் சிரித்தார். "ஒரு பல்லைப் புடுங்குனதுக்கே இட்லியா? எல்லாத்தையும் புடுங்கியிருந்தா பிரியாணி கேப்ப போலிருக்கே."

வரப்பிலிருந்த பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி, "உன் பல்லு ஆடுனா எங்க வாயை ஏங்க்கா கட்டுற?" என்று தட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். சித்தி இறங்கி நட்டார். அடுத்த வயலுக்கு ஆள் கேட்டு வயல்காரர் வந்தபோது, இட்லி இல்லாமல் ஆள் கிடையாது என்றார் சித்தி. தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றுகிறது. இட்லி வந்தது. புகையிலையும் கூடவே வந்தது. சித்தியும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் அதைத் தொடவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். ஏழு இருந்த இடத்தில் நான்கு. சித்தி கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். வீக்கம் வடிந்ததில் பற்களுக்கு நடுவே சந்து தெரிந்தது. அது பிடிக்கவில்லை, ஆனால் மூன்றும் நின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டு போங்கள். ரத்தம் வருகிறது என்று பல் விளக்குவதை நிறுத்தாதீர்கள், நின்றுவிட்டது என்று சும்மாவும் இருக்காதீர்கள். நன்னிலம் பக்கம் நடவுக்கு ஆள் தேடுகிறவர்கள் சித்தியிடம் தாராளமாகக் கேட்கலாம். காலையில் முதலில் இட்லி வர வேண்டும்.