சகலை வாங்கிய வீட்டு வண்டி

புனேயின் தாபோடியில் குடியிருக்கும் தணிகாசலம், பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் கேஸ் லைன் பார்த்த ஃபிட்டர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து, மனைவியோடு கொங்கண் கரையெல்லாம் சுற்றவேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. அதைச் சகலை பாஸ்கரனிடம் ஒருமுறை சொல்லியும் இருந்தார். பாணேரில் இருக்கும் பாஸ்கரன் அப்படியே ஒன்றைச் செய்து, கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"ஏறிப் பாருங்க சகல, எப்படி இருக்கு?"

தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. தன் மனைவி உள்ளே ஏறி, கட்டில் மெத்தையைத் தடவிப் பார்ப்பதைக் காணச் சகிக்கவில்லை. ஏதாவது குறை சொல்லியே தீருவது என்று கட்டிலுக்கடியில் குனிந்தார். சிலிண்டர் வைத்திருந்த பெட்டியின் தரையில் காற்றுப் போக ஒரு துளைகூட இல்லை.

"கேஸ் கசிஞ்சா கீழதான் தங்கும். இதுமேலயா படுத்துத் தூங்கப் போறீங்க?"

பாஸ்கரன் சிரித்து மழுப்பினான். தணிகாசலம் விடவில்லை. சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ரப்பர் குழாயின் மூட்டில் தடவினார். குமிழ் குமிழாகப் பொங்கியது. சட்டென்று வால்வை மூடினார்.

"பிள்ளைங்களோட நாளைக்குக் கிளம்பறதா இருந்தோம் சகல" என்று பாஸ்கரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

குழாயை மாற்றி, தரையில் துளை போட்டு, கசிந்தால் கத்தும் கருவியையும் தணிகாசலமே பொருத்திக் கொடுத்தார். மறுவாரம் கிளம்பும்போது அவரையும் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகும், அது தன்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்றே மனசு அடித்துக்கொண்டது.