செமாயா என்று பலர்

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையக் காபிக் கடையில் கப்பில் எழுதுவதற்குப் பெயர் கேட்டால் 'சாம்' என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் செமாயா. இதைச் சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டும். அதற்குள் காபி ஆறிவிடும். சிறுவயதில் தப்பிக்க இந்த வழி தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் போகும் கோயிலில் ஞாயிறு பள்ளி விழாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் வேதத்தில் தன் பெயருக்குரியவரைப் போல வேஷம் போட்டு, மேடையில் ஒரு வசனம் பேச வேண்டும். தாவீதுக்குக் கவண், எஸ்தருக்குக் கிரீடம், தானியேலுக்குப் பஞ்சு அடைத்த சிங்கம். செமாயாவுக்கு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிறு பள்ளி ஆன்டி வேதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்.

"செமாயான்னு நெறைய பேரு இருக்காங்க. முக்கால்வாசிப் பேரு ஒரு வரியோட போயிடுறாங்க. நீயே ஒருத்தர பாத்து எடுத்துக்க லா."

எட்டு வயதில் இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. பண்டமாரானில் எங்கள் வீடு வரைக்கும் காரின் பின்சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு வாராவாரம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போனது வீம்புக்குத்தான். அது தாத்தாவின் கோயில். தாத்தா இறந்தபோது ஜொகூரில் வேலையிலிருந்த அப்பா வந்து சேர்வதற்குள் பெரியப்பா பெட்டியை மூடிவிட்டார். அப்பாவுக்குக் கடைசி முகம் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது. நான் அப்போது அம்மா வயிற்றில். கோயிலை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரியப்பா வலது வரிசை, நாங்கள் இடது வரிசை. திருவிருந்துக்கு முன் எல்லாரும் எழுந்து, ஒருவருக்கொருவர் கைகொடுத்து 'சமாதானம்' சொல்லிக்கொள்ளும் நேரத்தில், இருவரும் கோயில் முழுக்கச் சுற்றிக் கைகுலுக்குவார்கள். எதிரெதிரே மட்டும் வரமாட்டார்கள். அவ்வளவு சாமர்த்தியமாக விலகிக்கொள்வதை நான் ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

என் வேஷப் பிரச்சினையை அப்பா உற்சாகமாகக் கையில் எடுத்தார். அந்தப் பெயர் அம்மா வைத்தது. ஞானஸ்நானத்தன்று யார் இந்தச் செமாயா என்று அவர் கேட்டதற்கு, அந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாளாம். இப்போது அவரே தேடி, எருசலேமில் இடிந்த மதிலைப் பழுதுபார்த்தவர்களில் ஒரு செமாயாவைப் பிடித்துவிட்டார்.

"நம்மள மாரி வேலை செஞ்ச ஆளுடா. என் ஹெல்மெட்ட போட்டுக்க" என்று, துறைமுகத்தில் அணியும் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். எனக்குப் பரம திருப்தி. அந்தச் செமாயா வாயைத் திறந்ததாக வேதத்தில் இல்லை என்பதுதான் சிக்கல்.

"பேசுன ஒருத்தர் இருக்காரு. அவரு வசனத்த நான் சொல்லித் தரேன்" என்றாள் அம்மா, சட்டியைக் கழுவிக்கொண்டே. அப்பா அதற்குள் டிவி பக்கம் போயிருந்தார். குளிக்கும்போதும் பள்ளி பஸ்ஸிலும் அந்த வசனத்தை மனப்பாடம் செய்தேன். யார் யாரிடம் சொன்னது என்று கேட்கத் தோன்றவில்லை. ஹெல்மெட் இருந்தது, போதும்.

விழா அன்று ஆராதனையின் நடுவே நான் மேடையேறியதும் கோயிலே சிரித்தது. ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருந்தது. அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"நான் செமாயா. ராஜா சண்டைக்குக் கிளம்பினப்போ நான்தான் போய்த் தடுத்தேன். உங்க சகோதரனோட சண்டை போடாதீங்க. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிப் போங்க."

சிரிப்பு நின்றது. கைதட்டலும் வரவில்லை. பெரியவர்கள் சிலர் இடது வரிசையைப் பார்த்தார்கள், பிறகு வலது வரிசையை. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்போது யாரும் எந்தப் பாட்டும் பாடவில்லை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று அழுகை முட்ட இறங்கி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றேன்.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அப்பா எழுந்தார், ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. பெரியப்பா நேராக எங்கள் வரிசைக்கு வந்தார். என் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளைக்குப் பெருசா இருக்கே."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அப்பாதான் பதில் சொன்னார்.

"சின்ன சைஸ் கிடைக்கலண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. கைகூடக் கொடுத்துக்கொள்ளவில்லை, பெரியப்பா இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். தானியேலுக்கு அத்தனை கைதட்டல், எனக்கு ஒன்றுகூட இல்லை. முன்சீட்டில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எங்கோ தப்புவிட்டதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"நான் சரியாத்தானம்மா சொன்னேன்?"

"சரியாத்தான்டா சொன்ன" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி.

அத்தனை செமாயாக்களுக்கு நடுவே ஒருவரை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டு, நான் பேசும் வயதுக்கு வரட்டும் என்று அம்மா காத்திருந்தது அன்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷ விழாவுக்குள் என் பெயரைத் தானியேல் என்று மாற்றிவிடும்படி அவளிடம் வீடு வரைக்கும் நச்சரித்துக்கொண்டே வந்தேன்.